கிள்ளியாற்றுக் கல்லும் கிழக்கேகோட்டைச் சேறும்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் பேருந்துக்குக் காத்து நிற்பவரைச் சுற்றி நாலாபுறமும் தண்ணீர்தான். மேற்கே பத்மநாபசுவாமி கோயிலின் பத்மதீர்த்தக்குளம். வடக்கே பழவங்காடிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டினால் தகரப்பறம்பு. அங்கே ஆமையிழஞ்சான் தோடு; தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. கோட்டைப் பகுதியின் கட்டடங்களுக்கு இடையிலும் சாலைகளுக்கு அடியிலுமாகப் போகிறது தெக்கனங்கரைக் கால்வாய். பக்கத்திலுள்ள புத்தரிக்கண்டம் மைதானம் ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல். மழைநீர் வந்து சேரும் பள்ளம் இந்தப் பகுதி. ஆனால் இன்று அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது.

முன்பு இப்படி இல்லை. 18ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், கிள்ளியாற்றின் குறுக்கே மருதங்குழியில் ஓர் அணை கட்டி, அங்கிருந்து கோச்சாறு என்ற கால்வாய் வழியாகக் கோட்டைக்குள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கோயில் குளம் அந்தத் தண்ணீரால் நிறைந்தது. நெடுமங்காட்டுப் பக்கத்துக் குன்றுகளில் பிறந்த ஓடைநீர் கோயில் வாசல்வரை வந்து சேர்ந்த காலம் அது. அந்தக் கால்வாய் இன்று பயன்பாட்டில் இல்லை. கிள்ளியாறு மட்டும் நகரத்தின் ஓரமாக ஓடி, கரமனையாற்றில் கலக்கிறது.

குன்றில் பிறக்கும் ஓடைக்கும் கோட்டையருகே ஓடும் தோட்டுக்கும் உள்ள தூரம் ஒரு பேருந்துப் பயணம்தான். அந்தத் தூரத்துக்குள் தண்ணீருக்கு என்ன நேர்கிறது? ஒரு குப்பியில் மொண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் சில எண்கள் கிடைக்கும். ஓடையின் தரையில், கல்லுக்கு அடியிலும் மணலுக்குள்ளும் வாழும் சிறு உயிர்களைப் பார்த்தால் அந்த எண்கள் சொல்லாத பலவும் தெரியும். முதுகெலும்பில்லாத அந்த உயிர்களை அடித்தள உயிரிகள் என்கிறார்கள்: பூச்சிகளின் இளம்பருவங்கள், புழுக்கள், நத்தைகள், அட்டைகள், நண்டுகள், இறால்கள். வெறும் கண்ணால் பார்க்கக்கூடியவையே இவற்றில் பெரும்பாலானவை.

கல்லுக்கு அடியில் யார் இருக்கிறார்கள்?

அகத்தியர் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்குச் சரிவில் கரமனையாறு. சுமார் 68 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலில் சேரும் சிறிய ஆறு அது. அதன் தலைப்பகுதியில் இருப்பது போன்ற காட்டோடைகளில், முழங்கால் அளவுத் தண்ணீரில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டினால் அடிப்புறத்தில் ஏதோ தட்டையாக நழுவி ஓடும். உடல் கல்லோடு ஒட்டினாற்போல் இருக்கும், கண்கள் தலைக்கு மேலே இருக்கும், வாலாக இரண்டு அல்லது மூன்று இழைகள் நீண்டிருக்கும். அது மேஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவம். அதன் வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்கள் உண்டு. தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அவற்றால்தான் எடுத்துக்கொள்கிறது. கல்லின் மேற்பரப்பை ஒட்டி நீரோட்டத்தின் வேகம் மிகவும் குறையும். தட்டை உடம்போடு அந்த மெல்லிய அடுக்குக்குள் ஒண்டிக்கொண்டால் வேகமான ஓட்டத்திலும் இழுபட்டுப் போகாமல் இருக்கலாம். சிறகு முளைத்து வெளியே வந்தபின் அதற்கு உண்பதற்கு வாய் கிடையாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு மடிகிறது. வாழ்நாளில் பெரும்பகுதியும் ஓடைக்குள்தான்.

அதே கல்லில் மணற்பரல்களையும் இலைத்துண்டுகளையும் பட்டுநூலால் ஒட்டிக் கூடுகட்டி வாழும் கேடிஸ் பூச்சியின் புழுவைக் காணலாம். அதன் உறவுக்காரர்களில் சிலர் கூடு கட்டுவதில்லை. கற்களுக்கு இடையே சிறு வலை பின்னி, ஓடிவரும் துகள்களைப் பிடித்துத் தின்கிறார்கள். வேகமான நீரில் கருப்பு ஈயின் புழுக்கள் பாறையில் கொக்கிகளால் பிடித்துக்கொண்டு, தலையிலுள்ள மயிர்க்கற்றைகளை விரித்துத் தண்ணீரை வடிகட்டும். ஸ்டோன்ஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவம் இவர்களை வேட்டையாடும். தேங்கிய ஓரங்களில் தட்டான்களின் இளம்பருவங்கள் மணலில் புதைந்து காத்திருக்கும்.

இந்த உலகத்தைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் நன்கு படித்திருக்கிறார்கள். மதுரைக் கல்லூரியின் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் மேற்குத்தொடர்ச்சி மலையின் மேஃபிளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1984இல் அவர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய புதிய பேரினத்தைச் சேர்ந்த ஒரு பூச்சியின் பெயர் பீட்டர்சுலா குற்றாலென்சிஸ். நம் குற்றாலம்தான் அந்தப் பெயரில் இருக்கிறது. அதே கல்லூரியைச் சேர்ந்த தினகரனும் அன்பழகனும் தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் ஆறு ஓடைகளில் மனிதர்களால் நீர்ப்பூச்சிகளுக்கு நேரும் பாதிப்பை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், 1970இல் ஆஸ்திரிய–இலங்கைக் கூட்டு ஆய்வுக்குழு ஒன்று மலையோடைகளின் உயிரினங்களை விரிவாகப் பதிவு செய்தது.

இந்த உயிர்கள் ஓடையில் சும்மா இருப்பதில்லை. காட்டோடைக்கு முக்கியமான உணவு மேலிருந்து விழும் இலை. அந்த இலையில் முதலில் பூஞ்சை படரும். பிறகு இலை தின்பவர்கள் அதைக் கடித்துத் துண்டாக்குவார்கள். துண்டுகளை வடிகட்டிகள் தின்பார்கள். கல்லின் மேல் படரும் பாசியைச் சுரண்டிகள் மேய்வார்கள். குளிர்நாட்டு ஓடைகளில் இலையைக் கடிக்கும் வேலையைப் பெரும்பாலும் பூச்சிகள் செய்கின்றன. நம் வெப்பமண்டல ஓடைகளில் நண்டுகளும் இறால்களும் அதில் பெரும்பங்கு எடுத்துக்கொள்கின்றன. கடைசியில் மீன், தவளை, ஓடையோரப் பறவை, வௌவால் எல்லாம் இந்தச் சங்கிலியில் வந்து சேர்கின்றன. தண்ணீரில் மிதந்துவரும் கழிவை ஓடையே ஓரளவு தின்று தீர்ப்பதும் இவர்களாலும் இவர்களோடு வாழும் நுண்ணுயிர்களாலும்தான்.

மூன்று மாதச் சர்க்கரை

சர்க்கரை நோயாளி காலையில் பட்டினியாக இருந்து ரத்தம் கொடுத்தால் அன்றைய அளவு தெரியும். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் இடைப்பட்ட நாட்களில் தின்ற லட்டும் தெரிந்துவிடும். குப்பியில் எடுக்கும் தண்ணீர் முதல் வகை. அடித்தள உயிரிகள் இரண்டாம் வகை. ஒரு பட்டறை நள்ளிரவில் கழிவைத் திறந்துவிட்டால் காலையில் அது கடலுக்குப் போய்விடும், மாதிரியில் சிக்காது. ஆனால் கல்லுக்கு அடியில் இருந்தவை ஓட முடியாமல் அங்கேயே அதை அனுபவித்திருக்கும். யார் பிழைத்தார்கள், யார் காணாமல் போனார்கள் என்பதிலிருந்து நடந்ததை ஊகிக்கலாம்.

ஜெர்மனியில் கோல்க்விட்சும் மார்சனும் 1908, 1909ஆம் ஆண்டுகளில் இதை ஒரு முறையாக வகுத்தார்கள். எந்த அளவு அழுக்கில் எந்த உயிர் வாழும் என்ற பட்டியல் அது. 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் ஒரு குழு இதை எளிமையாக்கி, ஒவ்வொரு உயிரிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்தது. சுத்தமான, பிராணவாயு நிறைந்த நீரில் மட்டும் வாழும் ஸ்டோன்ஃபிளைகளில் பலவற்றுக்கு 10. வலைபின்னும் கேடிஸ் புழுவுக்கு 5. சேற்றில் வாழும் கைரோனமிட் என்னும் கொசு போன்ற ஈயின் புழுவுக்கு 2. மண்புழுவின் உறவினரான நீர்ப்புழுக்களுக்கு 1. கூட்டிப் பார்த்தால் ஓடையின் நிலை தெரியும். இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நெதர்லாந்து ஒத்துழைப்போடு யமுனையில் செய்த ஆய்விலிருந்து, உயிரிகளை வைத்து நீரை ஐந்து தரங்களாகப் பிரிக்கும் முறையை உருவாக்கியது.

பிரிட்டன் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் மலைகளில் ஸ்டோன்ஃபிளை வகைகள் குறைவு. அவை இல்லையென்பதாலேயே ஓடை கெட்டுப்போனதாகச் சொல்லிவிடக் கூடாது. மேஃபிளைகளிலும் அழுக்கைத் தாங்குபவை உண்டு. அதனால்தான் தாய்லாந்து தன் உயிர்களுக்கேற்ப மதிப்பெண்களை மாற்றிக்கொண்டது. நாமும் பெயர் தெரிந்த, குணம் தெரிந்த நம் உயிர்களைக் கொண்டே கணக்குப் போட வேண்டும். குற்றாலத்துப் பூச்சிக்குப் பெயர் வைப்பது அந்தக் கணக்கின் முதல் படி.

வெப்பமண்டலத்தில் இன்னொரு சிக்கல், சூடு. 10 பாகை செல்சியஸ் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் அது சுமார் 7.5 ஆகக் குறைகிறது. அதே சமயம் சூட்டில் உயிர்களுக்கு மூச்சுத்தேவை கூடுகிறது. வரவு குறைவு, செலவு அதிகம். ஆகவே ஐரோப்பிய ஓடை தாங்கிக்கொள்ளும் கழிவின் அளவை நம் ஓடை தாங்காது. தெற்குக் கேரளத்துப் பாறைகள் எளிதில் கரையாதவை. அவற்றின் மேல் ஓடும் தண்ணீரில் உப்புகள் குறைவு. கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் அதன் தன்மை சட்டென்று மாறிவிடும்.

ஓர் அடியல்ல, ஐந்து அடி

ஓடைக்கு மனிதன் செய்யும் கேட்டை ‘மாசு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உண்மையில் குன்றிலிருந்து நகரம் வரை வெவ்வேறு அடிகள் விழுகின்றன. ஒவ்வொன்றும் அடித்தளத்தில் வெவ்வேறு தடம் விடுகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது சரியாகிவிடாது.

முதல் அடி நிழலில் விழுகிறது. கரையோர மரங்களை வெட்டினால் தண்ணீர் சூடாகும், வெயில் படும், பாசி பெருகும். இலை தின்பவர்கள் குறைந்து பாசி மேய்பவர்கள் கூடுவார்கள். நெடுமங்காட்டைச் சுற்றிய இடைநாட்டில் காட்டு மரங்களின் இடத்தில் ரப்பர் நிற்கிறது. கலப்புக் காட்டில் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதத்தில் இலை உதிர்க்கும், ஓடைக்கு ஆண்டு முழுவதும் சாப்பாடு. ரப்பர் தோட்டமோ டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் மொத்தமாக உதிர்த்துவிட்டு நிற்கிறது. பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும்போது மிஞ்சும் அமிலநீர் ஓடைக்குள் போனால் அது தனிக் கேடு.

இரண்டாம் அடி மணலிலும் வண்டலிலும். ஆற்று மணலை அள்ளுவது உயிர்களின் வீட்டை லாரியில் ஏற்றுவதுதான். கேரளத்தில் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளலை ஒழுங்குபடுத்தவும் 2001இல் தனிச் சட்டமே வந்தது. மறு ஆண்டில், அச்சன்கோவில் ஆற்றில் மணல் அள்ளலால் அடித்தள உயிரிகளுக்கு நேர்ந்ததைப் பற்றிப் பத்தனம்திட்டை கேத்தலிக்கேட் கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அள்ளுவதைவிட அமைதியாக வேலை செய்வது வண்டல். கல்குவாரித் தூசி, வீடு கட்ட வெட்டிய செம்மண் சரிவு, கொத்திவிட்ட மரவள்ளித் தோட்டம் ஆகியவற்றிலிருந்து மழையில் கரைந்து வரும் நுண்மண், கற்களுக்கு இடையே உள்ள பொந்துகளை அடைத்துவிடுகிறது. அந்தப் பொந்துகளில்தான் முட்டை இருக்கும், பிராணவாயு ஓடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற திருவனந்தபுரத்து ஓடைகளில் வெள்ளம் புதிதல்ல. வெள்ளம் வந்தால் உயிர்கள் கற்படுக்கைக்குள் ஆழமாகப் போய் ஒளிந்துகொள்ளும். வடிந்ததும் திரும்பி வரும். பொந்துகள் அடைபட்டால் ஒளிய இடமில்லை. பல காலமாகத் தாங்கிய அதே வெள்ளம் அன்று அழிவாகிறது. கண்ணாடிபோல் தண்ணீர் தெளிந்து ஓடும் ஓர் ஓடையிலும் அடித்தளம் காலியாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆய்வகத்தில் அந்தத் தண்ணீர் தேறிவிடும்.

மூன்றாம் அடி அணை. திருவனந்தபுரத்தின் குடிநீர் கரமனையாற்றில் உள்ள அருவிக்கரையிலிருந்து வருகிறது. மேலே 1983இல் பேப்பாறை அணையும் வந்தது. நகரம் குடிக்க இவை வேண்டும்தான். ஆனால் ஆற்று இறால் வகைகள் சில, குஞ்சு வளர உப்பு கலந்த கழிமுகத்துக்குப் போய்விட்டு, வளர்ந்தபின் மேலே ஏறி வருபவை. அவற்றுக்கு ஒவ்வொரு தடுப்பும் ஒரு சுவர். இலையைத் துண்டாக்கும் வேலையில் இறால்களுக்குப் பெரும்பங்கு உண்டென்பதால், இழப்பு இறாலோடு நிற்பதில்லை.

நான்காம் அடி சோப்பும் நஞ்சும். ஓடைக்கரையில் துவைக்கும் வழக்கம் பழையது. ஆனால் இன்றைய டிடர்ஜெண்டில் உள்ள, அழுக்கை நீக்கும் ரசாயனங்கள் செவுளின் மெல்லிய தோலையும் தாக்கும். குற்றாலத்தில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது அருவியில் குளிப்பவர்களின் வசதியை மட்டும் நினைத்தல்ல. மீன் பிடிக்க நஞ்சு கலப்பதையும் தோட்டா போடுவதையும் கேரளத்தின் 2010ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடைசெய்திருக்கிறது. மீனுக்காக ஊற்றிய பூச்சிமருந்து மீனைவிட முதலில் கொல்வது பூச்சிகளைத்தான். அது தயாரிக்கப்பட்டதே அதற்காக. ஒரு மாலை மீன்கறிக்காக ஒரு பருவத்து மீன்தீனி அழிகிறது.

ஐந்தாம் அடி சாக்கடை. நகரத்துக்குள் நுழைந்ததும் மற்ற நான்கையும் மூழ்கடித்துவிடுவது இது. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் பாதாளச் சாக்கடை நகரம் முழுவதையும் தொடவில்லை. இணைப்பு இல்லாத வீடு, கடை, ஓட்டல் கழிவுகளுக்குத் தோடுதான் வழி. கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். இந்த உறிஞ்சலின் அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறார்கள். ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் ஆறு மாசுபட்டதாக மத்திய வாரியம் கொள்கிறது. 30ஐத் தாண்டினால் மிக மோசமான முதல் வரிசை. 2018ஆம் ஆண்டுப் பட்டியலில் கேரளத்தில் 21 ஆற்றுப் பகுதிகள் இடம்பெற்றன. அவற்றில் அந்த முதல் வரிசையில் இருந்தது கரமனையாறு. அருவிக்கரையில் குடிக்கத் தந்த அதே ஆற்றுக்குச் சில கிலோமீட்டர் கீழே நகரம் செய்த கைம்மாறு இது.

தோட்டின் தரையில் மிஞ்சியவர்கள்

ஆமையிழஞ்சான் தோடு சுமார் 12 கிலோமீட்டர். வானாய்வுக்கூடக் குன்றுப் பகுதியில் தொடங்கி, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் புகுந்து, தகரப்பறம்பு, வஞ்சியூர், பாற்றூர், கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் சேர்கிறது. குன்றின் மேல் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837இல், நட்சத்திரங்களைப் பார்க்க ஒரு நிலையம் நிறுவினார்கள். குன்றின் அடியில் உள்ள நீரை யாரும் அவ்வளவு கவனித்துப் பார்க்கவில்லை.

2024 ஜூலை 13 அன்று அந்தத் தோட்டின் நிலை நாடு முழுவதும் தெரியவந்தது. ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் அடித்துச் சென்றது. தண்டவாளங்களுக்கு அடியிலுள்ள 117 மீட்டர் நீளச் சுரங்கம் முழுவதும் பிளாஸ்டிக்கும் சேறும் அடைந்திருந்தது. தேடுபவர்கள் குப்பை மலையைக் குடைந்துதான் உள்ளே போக முடிந்தது. மூன்றாம் நாள் காலை அவர் உடல் தகரப்பறம்பில் கிடைத்தது. ஒரு மனிதர் உள்ளே போய் உயிரோடு வர முடியாத தண்ணீர் வேறு எந்த உயிருக்கும் உகந்ததாக இருக்காது என்று தோன்றும். ஆனால் இப்படிப்பட்ட தோடுகளின் சேற்றில் உயிர் உண்டு. எண்ணிக்கையில் மலையோடையைவிட அதிகமாகக்கூட இருக்கும்.

அலங்கார மீன் கடைகளில் தீனியாக விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு அவற்றில் ஒன்று. தலையைச் சேற்றில் நட்டு, வாலை வெளியே நீட்டி அசைத்து, கிடைக்கும் சொற்பப் பிராணவாயுவைப் பிடிக்கும். ‘பிளட் வார்ம்’ என்று அதே கடையில் கிடைப்பது கைரோனமிட் புழு. நம் ரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் அதன் உடம்பில் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. காற்றில்லாத சேற்றில் பிழைக்க அது உதவுகிறது. பிராணவாயு அடியோடு தீர்ந்த இடத்தில் எலிவால் புழு இருக்கும். அதன் வால் நீளும் குழாய். அதை மேற்பரப்புக்கு நீட்டி நேரடியாகக் காற்றை இழுக்கும். கியூலெக்ஸ் கொசுவின் புழுவும் அப்படித்தான். அழுக்குத் தண்ணீரே அதற்கு விருப்பம். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அது.

மலையோடையில் பல வகை, ஒவ்வொன்றிலும் கொஞ்சம். தோட்டில் சில வகை, ஒவ்வொன்றும் ஏராளம். கெட்டுப்போன ஓடையின் முதல் அடையாளம் இந்த மாற்றம்தான். கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் இளம்பருவமும் நீர்வண்டும் பிராணவாயு இல்லாமல் முதலில் போய்விடுகின்றன. எதிரி போனபின் கொசுவுக்குத் தடையில்லை. கிழக்கேகோட்டையிலும் பக்கத்துச் சாலைக் கம்போளத்திலும் கொசுமருந்து அடிக்கும் செலவில் ஒரு பங்கை இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். தட்டான்களிலும் ஒன்று மட்டும் விடாப்பிடியாக நிற்கிறது. ஆரஞ்சு நிறத்தில் வாய்க்கால் ஓரப் புல்லில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறு தட்டானுக்கு 1793இல் ஃபப்ரீசியஸ் வைத்த இனப்பெயர் கண்டாமினேட்டா, அதாவது ‘மாசுபட்டது’. தட்டானே இல்லாத இடத்தைவிட அது இருக்கும் இடம் மேல். அது மட்டுமே இருக்கும் இடத்தில் மற்றவை ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

சுவர் கட்டுவதும் ஓர் அடிதான்

தம்பானூரும் கிழக்கேகோட்டையும் மழைக்கு மூழ்குவது பழைய கதை. 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஆக்கிரமிப்புகளை அகற்றி, மூடிக்கிடந்த வடிகால்களைத் திறந்து தூர்வாரினார்கள். வெள்ளம் வடிய அது தேவையான வேலை. ஆனால் தண்ணீரை வேகமாக வெளியேற்றும் திட்டமும் ஓடைக்கு உயிரூட்டும் திட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல நேரம் எதிரெதிராகவும் இருக்கும்.

நகரம் வளர வளர மண்ணுக்கு மேல் கூரையும் தாரும் சிமெண்டும் பரவுகின்றன. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் பத்தில் ஒரு பங்கு நிலம் இப்படி மூடப்பட்டாலே ஓடை உயிர்கள் குறையத் தொடங்குவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மழை மண்ணுக்குள் இறங்காமல் மொத்தமாக ஓடி வருகிறது. மழை நின்றதும் ஓடை வற்றிப்போய், சாக்கடை மட்டும் ஓடுகிறது. அந்தப் பாய்ச்சலைச் சமாளிக்க இருபுறமும் சுவர், அடியில் கான்கிரீட். அதன் பிறகு புரட்டுவதற்குக் கல் இல்லை, புதைவதற்கு மணல் இல்லை, விழுவதற்கு இலை இல்லை. நாளைக்கே சாக்கடை முழுவதையும் நிறுத்தினாலும் மேஃபிளை முட்டையிட அங்கே இடம் இருக்காது.

சிங்கப்பூர் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருக்கிறது. பீஷான் பூங்காவை ஒட்டி நேர்கோட்டில் ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஓடையாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கரையில் செடிகள், அடியில் கற்கள், வெள்ளம் வந்தால் பரவ அகன்ற புல்வெளி. மழைக்காலத்தில் பூங்காவே தண்ணீரைத் தாங்கிக்கொள்கிறது. மற்ற நாட்களில் தட்டான்கள் பறக்கின்றன. கடைகளும் பேருந்துகளும் நெருக்கியடிக்கும் தகரப்பறம்பில் அந்த அளவு இடம் கிடைக்காது. ஆனால் ஆமையிழஞ்சான் தோட்டின் 12 கிலோமீட்டரும் தகரப்பறம்பு அல்ல. கீழே, காயலை நெருங்கும் பகுதிகளில் கொஞ்சம் அகலம் இருக்கிறது. கிள்ளியாற்றில் இன்னும் அதிகம்.

வெப்பமண்டல ஓடைக்குப் பலவீனம் இருப்பதைப் போலவே ஒரு பலமும் உண்டு. குளிர்நாட்டில் ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் பூச்சிகளின் உறவினர்கள் இங்கே ஆண்டில் பல தலைமுறை காண்கின்றன. சிறகு முளைத்தவை மேலோடையிலிருந்து பறந்து வந்து முட்டையிடும். இளம்பருவங்கள் நீரோட்டத்தில் மிதந்து வந்து குடியேறும். மேலே நல்ல ஓடை ஒன்று மிஞ்சியிருந்தால் கீழே உள்ள ஓடையை மீட்டுவிடலாம். அதனால்தான் மீட்புப் பணியின் வரிசை முக்கியம். முதலில் தலைப்பகுதியைக் காப்பாற்ற வேண்டும்: நெடுமங்காட்டுக் கைத்தோடுகளின் நிழலையும் கல்லையும். அடுத்தது சாக்கடையை நிறுத்துவது. அதன் பிறகுதான் நகரத்துக்குள் கரையும் தரையும். 2018இல் கிள்ளியாற்றை மீட்க மக்களைத் திரட்டித் தொடங்கிய இயக்கம் ஆற்றின் மேற்பகுதியிலிருந்தே வேலையைத் தொடங்கியது சரியான திசை. நாம் வழக்கமாகச் செய்வது நேர்மாறு. மூக்கைப் பிடிக்கும் இடத்தில் தூர்வாருகிறோம். மேலே ரப்பர் ஷீட் தண்ணீரும் செம்மண்ணும் இறங்குவதைப் பார்ப்பதில்லை.

ஒரு பள்ளியோ குடியிருப்போர் சங்கமோ செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நகரத் தோட்டில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அபாயம் இருக்கிறது. நெடுமங்காடு பக்கம், மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த நாளில், ஆழமில்லாத சலசலப்பான இடத்தில் பத்துக் கற்களைத் தூக்கி, ஒட்டியிருப்பதை வெள்ளைத் தட்டில் கழுவிவிட வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எத்தனை விதமான உடம்புகள், எத்தனைக்கு வால் இழைகள், எத்தனை கூடு கட்டியவை, எத்தனை சிவப்புப் புழுக்கள் என்று எண்ணினால் போதும். ஒரு துவைக்கும் படித்துறைக்கு மேலும் கீழும், ஒரு குவாரி ஓடைக்கு மேலும் கீழும் இதே எண்ணிக்கையை எடுத்தால் ஐந்து அடிகளில் எது விழுந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சிவப்புப் புழு பெருகியிருந்தால் கழிவு. எல்லாமே குறைந்து கல்லின் அடிப்புறம் சேறு பூசியிருந்தால் வண்டல். பூச்சிகள் மட்டும் சுத்தமாக இல்லாமல் நத்தையும் புழுவும் மிஞ்சியிருந்தால் மருந்து மீது சந்தேகப்படலாம். கற்களைத் திரும்ப அதே இடத்தில், அதே பக்கம் கீழாக வைத்துவிட்டு வர வேண்டும்.

அரசின் மீட்புத் திட்ட அறிக்கைகளில் தூர்வாரிய கிலோமீட்டர் இருக்கும், அள்ளிய குப்பை டன் கணக்கில் இருக்கும், செலவான கோடி இருக்கும். கல்லுக்கு அடியில் எத்தனை வகை உயிர் திரும்பியிருக்கிறது என்ற எண்ணும் அந்த வரிசையில் சேர வேண்டும். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் துறை இருக்கிறது. ஆக்குளத்தில், தோடு சேரும் காயலின் பக்கத்திலேயே, தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. எண்ணத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் குறைவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் தூர்வாரும் கூலியோடு எண்ணும் கூலிக்கும் ஒரு வரி எழுதினால், செலவழித்த பணத்தில் ஓடைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது ஓராண்டிலேயே தெரிந்துவிடும்.